‘புள்ள சாப்டுச்சானு கேட்டீங்களா?’

இரவு இரண்டு மணிக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. அறந்தாங்கி பக்கத்தில் ஒரு காவல் நிலையம். மாலை ஐந்து மணியிலிருந்து அதன் வாசலில் உட்கார்ந்திருந்தோம். “சி.எஸ்.ஆர். ரசீது தருகிறோம், போய்விட்டுக் காலையில் வாருங்கள்” என்றார்கள், போகவில்லை. “சாதாரண அடிதடிப் பிரிவில் போடுகிறோம்” என்றார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளோடு வழக்குப் பதிவானது. பேருந்து நிலையத்துக்கு வந்து இருபது பேரும் டீ குடித்தோம். அன்றைக்கு எங்களுக்கு அது வெற்றிதான்.

அடிபட்டவனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊர்த் தெரு வழியாக வண்டியில் போனான் என்பதற்காக நிறுத்தி, சாவியைப் பிடுங்கி, கன்னத்தில் அறைந்து, மண்டியிட வைத்து, அதைக் கைப்பேசியில் படமும் எடுத்திருந்தார்கள். நடந்ததை அன்றிரவு அவன் ஆறு தடவை சொன்னான். எழுத்தரிடம், ஆய்வாளரிடம், பிறகு வந்த மேலதிகாரியிடம், வழக்கறிஞரிடம், செய்தியாளர் ஒருவரிடம். ஆறாவது தடவை எங்கள் தோழர் ஒருவரே கைப்பேசியை நீட்டி, “சத்தமாச் சொல்லுப்பா, தெளிவா விழணும்” என்று கேட்டார். அப்போது அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். “பய தைரியமா இருக்கான்” என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அவன் தெருமுனையில் ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். காலையில் இட்லி, வேலை போட்டால் நூறு நாள் வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து அவர்தான் எங்களைக் கூப்பிட்டார். “மூணு நாளா கடைப் பக்கம் வரல. நாலாம் நாள் வந்து பழைய பாக்கி நாப்பது ரூபாயக் குடுத்துட்டுப் போறான். நான் கேக்கவே இல்ல. பந்தடிக்கிற மட்டைய எதுத்த வீட்டுப் பயலுக்குக் குடுத்துட்டான்னாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.”

அடுப்பில் ஈடு வெந்துகொண்டிருந்தது. அதை மகளிடம் விட்டுவிட்டு அக்கா போய் அவன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். “சும்மாதான் ஒக்காந்திருந்தேன். அவனும் பேசல, நானும் பேசல. ரொம்ப நேரங் கழிச்சு நான்தான் கேட்டேன். ஏந்தம்பி, செத்துப் போயிரலாம்னு நெனப்பு ஓடுதா?”

அவன் அழுதான். மண்டியிட வைத்த நாளிலிருந்து அவன் அழுதது அதுதான் முதல் தடவை என்று அவன் அம்மா பிறகு சொன்னார். அன்றிரவு அக்காவின் மகன் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டான். வயலுக்கு அடிப்பதற்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த மருந்தை அக்காவும் அம்மாவும் அப்புறப்படுத்தினார்கள். விடிந்ததும் முதல் பேருந்தில் அரசு மருத்துவமனை. மருத்துவர் நெடுநேரம் பேசி, மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த இரண்டாவது தடவைக்கு அம்மாவால் கூலியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அக்காதான் போனார். மாத்திரை அட்டை இட்லிக் கடையிலேயே இருந்தது. காலையில் இட்லியோடு மாத்திரையும் போகும்.

விஷயம் தெரிந்து நாங்கள் போய் நின்றபோது அக்கா கேட்டார். “கேசு எழுதியாச்சுனு எல்லாரும் டீ குடிக்கப் போனீங்க. நானும் அங்கனதான நின்னேன். அம்புட்டு நேரம் நின்ன புள்ள சாப்டுச்சானு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. இருபது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வலிப்புக்கு இரும்புச் சாவி

அக்கா செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. மனநல முதலுதவி என்பார்கள். 2000-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பெட்டி கிட்ச்சனர், அந்தோணி ஜார்ம் என்ற தம்பதி இதை ஒரு பயிற்சியாக வகுத்தார்கள். பெட்டி செவிலியர், இளம் வயதிலிருந்தே மனச்சோர்வு நோயோடு வாழ்ந்தவர். ஜார்ம் மனநல ஆய்வாளர். மாரடைப்பு வந்தவருக்கும் தண்ணீரில் மூழ்கியவருக்கும் மருத்துவர் வரும்வரை என்ன செய்வதென்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறோமே, மனம் உடைந்தவருக்கு ஏன் சொல்லித் தருவதில்லை என்பதே அவர்கள் கேள்வி. இன்று பல நாடுகளில் அந்தப் பயிற்சி நடக்கிறது.

முதலுதவி தெரியாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே தப்பான முதலுதவி வந்து உட்கார்ந்துகொள்ளும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை நாம் எத்தனை பேருந்து நிலையங்களில் பார்த்திருக்கிறோம்! வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். சாவியின் மகிமை என்று ஊர் நம்பிக்கொள்ளும். மனதுக்கும் நம்மிடம் இப்படிப் பல சாவிகள் இருக்கின்றன. “மனச தைரியமா வச்சுக்க.” “ஒனக்கு மட்டுமா கஷ்டம்?” “ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிரும்.” “ஆம்பள அழலாமா?” சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ, இனி இவரிடம் வாய் திறக்க வேண்டாம் என்பது மட்டும் தெளிவாகிவிடுகிறது. எங்கள் பங்குக்கு இயக்கத்தில் ஒரு சாவி வைத்திருக்கிறோம்: “போராளி கலங்கக் கூடாது, தோழர்.”

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு என்றெல்லாம் நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. “ஒரே ரோசனையா இருக்கு”, “நெஞ்சு படபடங்குது”, “தல பாரமா இருக்கு”, “சோறு எறங்கல” என்கிறார்கள். தலைபாரத்துக்கு மாத்திரையும் நெஞ்சு படபடப்புக்கு ஊசியும் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. அந்த ‘ரோசனை’ என்ற சொல்லை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடைக்குக் கடைசியில்தான் வரும்

கல்லணைக் கால்வாயின் கடைமடை நம்முடையது. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி முதலில் வரும். நாகுடிப் பக்கத்துக்குத் தண்ணீர் கடைசியில் வரும். சில ஆண்டுகள் வராமலே போகும். மனநல மருத்துவமும் அப்படித்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருக்கும் மருத்துவர்களும் நகரங்களில்தான் அதிகம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மாநிலங்களில் இரண்டாம் இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். அந்த ஆண்டறிக்கையில் சாதிவாரிக் கணக்கு இல்லை. தினக்கூலிகள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது தென்னை மரங்களுக்குக் கணக்கெடுத்தார்கள். மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்தவர் இழந்த வேலைக்குக் கணக்கில்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், காற்று கொஞ்சம் உரத்து வீசினாலே குழந்தைகளை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த பெண்களை எங்களுக்குத் தெரியும்.

வறுமை, புயல், கடன் எல்லோருக்கும் உண்டு. நமக்கு அதோடு சாதியும் உண்டு. அந்தக் காயம் எப்படிப்பட்டது என்பதை அண்ணல் அம்பேத்கரே எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போனார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இருவருமே சாக்குச் சொன்னார்கள். பம்பாய் ரயிலுக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். ஆதரவற்ற நிலையில் குழந்தைகள் நினைப்பதைப்போல அம்மாவையும் அப்பாவையும் நினைத்துக்கொண்டதை ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்குப் பெற்றோர் இருவருமே இல்லை.

அவர் நீலக் கோட்டும் புத்தகமுமாக நிற்கும் சிலைதான் நமக்குப் பழக்கம். பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்த இருபத்தாறு வயது இளைஞரை நாம் அதிகம் நினைப்பதில்லை. அந்தச் சில மணி நேரம் பக்கத்தில் உட்கார அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. இட்லிக் கடை அக்கா படியில் போய் உட்கார்ந்ததைக் கேட்டபோது எங்களுக்கு அந்தப் பூங்காதான் நினைவுக்கு வந்தது.

நம் மாவட்டத்தின் வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பர் 26-இல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதன் பிறகு சி.பி.சி.ஐ.டி. விசாரணை, டி.என்.ஏ. சோதனை, நீதிமன்றம், 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை, அதை எதிர்த்து மீண்டும் போராட்டம். நாங்களும் பலமுறை போயிருக்கிறோம், பேசியிருக்கிறோம், முழங்கியிருக்கிறோம். தண்ணீர்ச் செம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று அங்கிருந்த ஒரு தாயிடமும் நாங்கள் கேட்டதில்லை.

பிளெக்ஸ் பலகைகளைப் பற்றி

இங்கே ஒரு கேள்வி வரும்; வரத்தான் வேண்டும். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனுக்குக் கவுன்சிலிங் கொடுப்பதா? அநீதியை நோயாக்கிவிட்டால் ஆள்பவர்களுக்கு வசதிதானே?

நியாயமான கேள்வி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் அவருடைய தோழர்கள் நால்வரும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் படுத்திருந்தார்கள். 2016 ஜனவரி 17-இல் ரோகித் இறந்தார். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்தும், நீட் தேர்வால் மருத்துவ இடம் மறுக்கப்பட்டு, 2017 செப்டம்பர் 1-இல் இறந்தார். இவற்றை ஒரு தனி மனிதரின் பலவீனம் என்று பேசுவது பொய். நிறுவனப் படுகொலை என்று சொன்னோம்; இன்றும் அதையே சொல்கிறோம்.

ஆனால் நாங்கள் வைத்த பிளெக்ஸ் பலகைகளை இப்போது திரும்பிப் பார்க்கிறோம். இறந்த பிள்ளையின் படத்தைப் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கி, சுற்றிலும் தலைவர்களை வைத்து, தியாகத்துக்கு வீரவணக்கம் என்று எழுதினோம். அதே தெருவில் அதே அவமானத்தைச் சுமந்துகொண்டு, ‘நம்ம சொன்னா யார் கேக்கப் போறா’ என்று நினைத்துக்கொண்டு நடந்துபோகும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பலகை என்ன சொல்லியிருக்கும்? உயிரோடு இருந்தால் கேட்க ஆளில்லை, செத்தால் ஊரே கேட்கும் என்று சொல்லியிருக்காதா? தற்கொலைச் செய்திகளைப் பெரிதுபடுத்தியும் போற்றியும் வெளியிட்டால் மனம் உடைந்து நிற்கும் மற்றவர்களையும் அது இழுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்குத் தனியாக வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. பிளெக்ஸ் அடிக்கும் நமக்கும் அது பொருந்தும். இறந்தவர்களின் வழக்கை விடாமல் நடத்துவோம். இறப்பை அலங்கரிப்பதை நிறுத்துவோம். இதில் எங்களோடு முரண்படும் தோழர்கள் உண்டு, பேசலாம்.

முதலுதவி நீதிக்கு மாற்றாகாது. கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போட்டால் வண்டியில் மோதியவனை மன்னித்ததாக ஆகாது. வழக்கு நடக்க வேண்டுமென்றாலும் சாட்சி சொல்ல அவன் உயிரோடும் தெம்போடும் இருக்க வேண்டும். வன்கொடுமை வழக்குகள் எத்தனை ஆண்டு இழுக்கின்றன என்று நமக்குத் தெரியும்.

கேட்டால் என்ன ஆகும்?

அப்படியானால் என்ன செய்வது? அக்கா செய்ததைத்தான். முதலில் கவனிப்பது. ஒருவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது மருத்துவரைவிட அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். கலகலவென்று இருந்தவர் ஒதுங்குகிறார், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, குளிப்பதில்லை, பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது, குடிக்காதவர் குடிக்கிறார், குடிப்பவர் அதிகம் குடிக்கிறார் என்றால் பேச்சுக் கொடுங்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் வெட்டப்பட்ட மாணவரும் அதற்கு முன் சில நாள் பள்ளிக்குப் போகாமல்தான் இருந்தார். ஏனென்று கேட்டபோதுதான் சக மாணவர்களின் சாதிக் கொடுமை வெளியே வந்தது. கேட்ட பிறகு பாதுகாக்கத் தவறியது தனிக் கதை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அலுவலர் வரும்வரை பக்கத்து பெஞ்சு மாணவர்தான் அலுவலர்.

கேட்காமலே கடனைத் திருப்பிக் கொடுப்பது, பிரியமான பொருளைத் தானம் செய்வது, எல்லோரிடமும் விடைபெறுவதுபோலப் பேசுவது, நெடுநாள் கலங்கி இருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது ஆகியவை அவசர அறிகுறிகள். அப்போது சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும்: “சாகணும்னு தோணுதா?” இதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் பயம். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நினைக்கிறோம். அப்படி விதைவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல். மறைத்துச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது அல்லவா?

கேட்டபின் காதைக் கொடுங்கள். அறிவுரை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், உங்கள் கதையும் வேண்டாம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். அதை எங்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். “ஆமா” என்று சொன்னவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் செய்யுங்கள். இது சின்னக் காரியமாகத் தெரியும். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில், 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமாக இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்காமல் போனால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சொன்னதைத் தெருவெல்லாம் பரப்பாதீர்கள். அதேசமயம், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள்; உயிர் ஆபத்து என்றால் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுத் திட்டம் இருக்கிறது. மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்ப்பார் என்று அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் இன்றே கேட்டு, படிப்பகச் சுவரில் எழுதிவையுங்கள். அவசரம் என்றால் கிழமை பார்க்க வேண்டாம். தொலைபேசியில் பேச ‘டெலி மானஸ்’ 14416, தமிழ்நாடு அரசின் 104, சென்னை ‘சினேகா’ 044-24640050. இதற்கெல்லாம் காசு கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே வைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது; அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. முயன்றதற்காகத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்பவரோடு வாதாடாதீர்கள். அவருக்கு அது நிஜம். பயத்தைப் போக்கி, மெதுவாகப் பேசி அழைத்துப் போங்கள். கோடாங்கியோடும் சண்டை வேண்டாம். வேப்பிலை அடிக்கட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும். கட்டிப்போடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, நமக்குத் தெற்கே ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று சங்கிலியால் பிணைப்பது சட்டப்படி தடை. அதே ஏர்வாடியில் பிற்காலத்தில் தர்காவும் அரசு மருத்துவர்களும் சேர்ந்து ‘தவா-துவா’ என்று, அதாவது மருந்தும் வேண்டுதலும் என்று, ஒரே இடத்தில் சிகிச்சை தரத் தொடங்கினார்கள்.

பாட்டிகளும் ஒரு பேருந்தும்

படிக்காத சனங்களால் இது ஆகுமா என்று கேட்கும் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாததால் வர முடியாமல் தற்கொலையில் இறந்துபோனார். அந்த நாட்டில் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மனநல மருத்துவர்கள். இனி நோயாளி மருத்துவமனைக்கு வரக் காத்திருந்தால் ஆகாது என்று 2006-இல் தலைநகர் ஹராரேயின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 14 பாட்டிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. வருகிறவர் பாட்டியோடு உட்கார்ந்து பேசுவார். ‘நட்பு பெஞ்சு’ என்று பெயர். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியதாக 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தப் பாட்டிகள் ‘மனச்சோர்வு’ என்ற மருத்துவச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. தங்கள் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊர் ‘ஒரே ரோசனை’தான்.

ஹராரே தூரம். நம் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறோம். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஓர் அறை, ஒரு திரை. சென்னையிலிருந்து மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மாத்திரையைப் பேருந்திலேயே கொடுப்பார்கள். நாட்டிலேயே புதுமையான முயற்சி என்று அந்தப் பேருந்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் எந்த வீட்டில் யார் பல ஆண்டாக அறைக்குள்ளேயே இருக்கிறார் என்று கண்டுபிடித்து, குடும்பத்தைப் பேசிச் சம்மதிக்கவைத்து, பேருந்துவரை அழைத்து வந்தவர்கள் யார்? பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அவர்கள் இல்லாமல் பேருந்து மரத்தடியில் சும்மா நின்றிருக்கும்.

சைக்கிள் கற்ற மாவட்டம்

இட்லிக் கடை அக்கா கையெழுத்துப் போடக் கற்றது அறிவொளியில். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் நடந்த இயக்கம் அது. ஆசிரியர் பட்டம் பெற்றவர்களை எதிர்பார்த்து நின்றிருந்தால் நடந்திருக்காது. பத்தாவது படித்த பெண் எட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்களும் கூலிப் பெண்களும் ஆண்களின் கேலியை வாங்கிக்கொண்டு, பார் வைத்த பெரிய சைக்கிளில் விழுந்து எழுந்து கற்றார்கள். பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். அக்காவும் அப்போது கற்றவர்தான். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

அதே வழியில் இதையும் செய்ய முடியும் என்று நாங்கள் நினைக்கிறோம். நம் தெருக்களில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, நூறு நாள் வேலையில் மதியம் மரத்தடியில் உட்காரும் நேரம் இருக்கிறது. தெருவுக்கு இரண்டு பேர், முடிந்தால் ஒரு பெண்ணும் ஒரு கல்லூரி மாணவரும், பயிற்சி எடுத்தால் போதும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரின் வேலைகளில் இப்படிப் பயிற்சி கொடுப்பதும் ஒன்று. அடுத்த கிராம சபையில், சாலைக்கும் தெருவிளக்குக்கும் மனு கொடுக்கும்போது, எங்கள் ஊராட்சியில் மனநல முதலுதவிப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானமும் எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்; நம் தெரு மனுக்கள் சில நேரம் ஏறுவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். இப்போது எந்த வன்கொடுமை வழக்குக்குப் போனாலும் ஒருவர் வழக்கு வேலை எதையும் பார்க்க மாட்டார். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் இருப்பது மட்டுமே அவர் வேலை. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, வீட்டுக்குப் போனபின் தொலைபேசி, மறுவாரம் ஒரு நடை. ஆரம்பத்தில் இதை எடுத்துக்கொள்ளத் தோழர்கள் தயங்கினார்கள். முழக்கம் போடுவதைப்போல இதற்குப் பேர் வராது.

இந்தக் கட்டுரையை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். படிப்பை முடித்துவிட்டான், அறந்தாங்கியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறான். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றான், எடுத்துவிட்டோம். ஒரு திருத்தமும் சொன்னான். பாக்கி நாற்பது இல்லையாம், முப்பத்தைந்துதானாம். மீதி ஐந்து ரூபாயை அக்கா அன்றைக்கே படியில் உட்கார்ந்தபோது அவன் கையில் வைத்துவிட்டாராம். வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அவனோடு அக்காவும் புதுக்கோட்டைக்குப் போகிறார். அன்றைக்கு இட்லிக் கடை இல்லை.